கிரேக்கர்களின் வானம்: விண்மீன் வரைபடமும் கிரகணக் கணக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரகணம் வரும்போதெல்லாம் ‘இதை முதலில் யார் கணக்குப் போட்டுச் சொன்னது?’ என்று யாராவது கேட்பார்கள். பின்னாலேயே தேல்ஸ், தாலமி என்று பெயர்கள் வரும், பாதி உண்மையும் பாதிக் கதையுமாக. வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டு வானியலாளர் ஹிப்பார்க்கஸ் வரும் இடங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கிரேக்க வானியல் என்றால் எந்தக் காலம், எந்த ஊர்?

ஏறத்தாழ 750 ஆண்டுகள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்துத் தேல்ஸிடம் தொடங்கி, கி.பி. 150 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தாலமியிடம் வந்து நிற்கிறது. இன்றைய கிரீஸ் நாட்டோடு மட்டும் இதை முடிச்சுப் போட வேண்டாம். மிலேட்டஸும் நிடஸும் நிக்கேயாவும் இன்று துருக்கியில் இருக்கின்றன, அலெக்சாண்டிரியா எகிப்தில். ஏதென்ஸும் ரோட்ஸ், சாமோஸ் தீவுகளும்தான் இப்போதைய கிரீஸில் உள்ளவை. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது எழுதிய மொழி.

அதற்கு முன்னால் கிரேக்கர்கள் வானத்தைப் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள், ஆனால் பயிருக்காகவும் படகுக்காகவும். கி.மு. 700 வாக்கில் பாடிய ஹீசியட், கார்த்திகைக் கூட்டம் விடியலில் எழும்போது அறுவடையைத் தொடங்கு, அது மறையும்போது உழவைத் தொடங்கு என்கிறார். விடியலில் எழுவதற்கு முன் நாற்பது நாள் அது கண்ணில் படாது என்றும் சரியாகச் சொல்கிறார். ஹோமரின் ஒடிசியஸ், சப்தரிஷி மண்டலத்தை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு படகை ஓட்டுகிறான். இதில் அளவு எதுவும் கிடையாது, அடையாளம் மட்டும்தான். எந்த விண்மீன் எத்தனை பாகையில் இருக்கிறது என்ற கேள்வி எழ இன்னும் பல நூற்றாண்டு ஆனது.

தேல்ஸ் சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொன்னார் என்பது உண்மையா?

நான் நம்பவில்லை. கதை வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸிடமிருந்து வருகிறது. லிடியர்களும் மீடியர்களும் ஆறாவது ஆண்டாகப் போரிட்டுக்கொண்டிருந்தபோது பட்டப்பகலில் இருட்டியது; இரு தரப்பும் ஆயுதத்தைக் கீழே போட்டுச் சமாதானம் செய்துகொண்டன; இந்த மாற்றத்தைத் தேல்ஸ் முன்பே சொல்லியிருந்தார். அந்தக் கிரகணத்தைக் கி.மு. 585 மே 28 அன்று நிகழ்ந்ததாகப் பெரும்பாலோர் கொள்கிறார்கள். கிரகணம் நடந்ததில் சந்தேகமில்லை. சிக்கல் ‘முன்பே சொன்னார்’ என்பதில்தான்.

ஹெரடோட்டஸின் வரியைக் கவனித்துப் படித்தால், தேல்ஸ் ஆண்டைத்தான் சொன்னாராம். நாளையோ இடத்தையோ சொன்னதாக இல்லை. சூரிய கிரகணம் ஒரு குறிப்பிட்ட ஊரில் தெரியுமா என்று சொல்ல, நிலவின் தூரமும் பூமியின் வடிவமும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது யாருக்கும் தெரியாது. பாபிலோனியர்களால்கூட ‘இந்த மாதம் வர வாய்ப்புண்டு’ என்ற அளவுக்குத்தான் சொல்ல முடிந்தது. ஒருவர் பேரறிஞர் என்று பேர் வாங்கிவிட்டால் பிறகு எல்லாப் பெருமையும் அவர் தலையில் ஏறிவிடும். தேல்ஸுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் கிரகணத்தின் காரணத்தை முதலில் சரியாகச் சொன்னவர் யார்?

அந்தப் பெருமை கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அனாக்சகோரஸுக்குப் போகிறது. நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை. பூமியின் நிழலில் விழுந்தால் சந்திர கிரகணம், அமாவாசையன்று நிலவே சூரியனை மறைத்தால் சூரிய கிரகணம் என்றார். பூமி தவிர, நிலவுக்குக் கீழே திரியும் கண்ணுக்குத் தெரியாத பொருள்களும் சில சமயம் அதை மறைக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்; அது தவறு. சூரியன் தெய்வமில்லை, பெலொப்பொனீஸ் நிலப்பரப்பைவிடப் பெரிய, பழுக்கக் காய்ந்த கல் என்றதற்காக ஏதென்ஸில் தெய்வநிந்தனை வழக்கு வந்தது. அவர் லாம்ப்சகஸ் நகருக்குப் போய் அங்கேயே இறந்தார்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை?

நிலவின் பாதை சூரியனின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்கு அருகில் அமாவாசையோ பௌர்ணமியோ வாய்த்தால்தான் கிரகணம். நம் பஞ்சாங்கம் அந்தப் புள்ளிகளை ராகு, கேது என்கிறது. புள்ளிகளும் நிலையாக நிற்பதில்லை, பின்னோக்கி நகர்ந்து ஏறத்தாழ 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன.

காரணம் தெரிந்த பிறகு பயம் போய்விட்டதா?

எங்கே போனது! கி.மு. 413 ஆகஸ்ட் 27 இரவு நடந்ததைப் பாருங்கள். சிசிலித் தீவின் சிரக்யூஸ் நகரை முற்றுகையிட்ட ஏதென்ஸ் படை தோற்றுக்கொண்டிருந்தது. கப்பலேறித் தப்பிப்பது என்று தளபதி நிக்கியாஸ் ஒருவழியாக முடிவெடுத்து, எல்லாம் தயாரானபோது முழுநிலவு இருண்டது. வீரர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். குறி சொல்பவர்கள் மும்முறை ஒன்பது நாள், அதாவது 27 நாள் காத்திருக்கச் சொன்னார்கள். நிக்கியாஸ், அந்தக் கெடு முடியும்வரை புறப்படுவதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடைவெளியில் சிரக்யூஸ்காரர்கள் துறைமுக வாயிலை அடைத்தார்கள். கப்பற்படை அழிந்தது. தரைவழியாக ஓடிய படை பிடிபட்டது. நிக்கியாஸ் கொல்லப்பட்டார்; ஏழாயிரம் பேருக்குக் குறையாமல் சிறைபிடிக்கப்பட்டு, அவர்களில் மிகப் பலர் கல்குவாரிக் குழிகளில் அடைபட்டு மாண்டார்கள். இதைப் பதிவு செய்த துசிடிடீஸ், நிக்கியாஸுக்குக் குறிபார்ப்பதில் கொஞ்சம் அதிகமான பற்று என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அனாக்சகோரஸின் விளக்கம் அப்போது வெளிவந்து பல ஆண்டு ஆகியிருந்தது. ஆனால் சிலரிடையே மட்டும், அதுவும் பயந்து பயந்து பேசப்பட்டது என்று பின்னாளில் ப்ளூட்டார்க் எழுதுகிறார்.

அதே ப்ளூட்டார்க் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. கிரகணத்தைக் கண்டு நடுங்கிய மாலுமியின் முகத்துக்கு முன்னால் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் தன் மேலங்கியைப் பிடித்து, ‘இது பயமாக இருக்கிறதா?’ என்று கேட்டாராம். இல்லை என்றதும், ‘அதுவும் இதுவும் ஒன்றுதான், மறைக்கும் பொருள் கொஞ்சம் பெரிது’ என்றாராம். பெரிக்ளீஸ் அனாக்சகோரஸின் நண்பர்.

பூமி உருண்டை என்பதற்குக் கிரகணம் எப்படிச் சாட்சியானது?

அரிஸ்டாட்டில் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, சந்திர கிரகணத்தில் நிலவின் மேல் விழும் நிழலின் விளிம்பு எப்போதும் வளைவாகவே இருக்கிறது. தட்டையான வட்டத்தகட்டின் நிழலும் சில நேரம் வட்டமாகத் தெரியும். ஆனால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அது நீண்டு ஒடுங்கிவிடும். எந்தப் பக்கமிருந்து ஒளி விழுந்தாலும் வட்ட நிழல் தருவது கோளம் ஒன்றுதான்.

இரண்டாவது, எகிப்திலும் சைப்ரஸிலும் தெரியும் சில மீன்கள் வடக்கே போனால் தெரிவதில்லை. இதற்குப் பின்னாளில் நல்ல உதாரணமாகக் கிடைத்தது நாம் அகத்தியர் நட்சத்திரம் என்று சொல்லும் கனோப்பஸ். ரோட்ஸில் அது அடிவானத்தைத் தொட்டுவிட்டு மறையும், அலெக்சாண்டிரியாவில் வட்டத்தின் 48இல் ஒரு பங்கு உயரம் ஏறும் என்று வைத்து, பொசிடோனியஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். இரு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (அக்காலத் தூர அளவு) என்றால் பூமி 2,40,000 ஸ்டேடியம். உயர வித்தியாசத்தை 7½ பாகை என்று கொண்டது தவறு, உண்மையில் அது 5 பாகையை ஒட்டித்தான் வரும். முறை சரி, அளவு கோணல். சென்னையில் இதே மீன் 24 பாகை உயரம்வரை போகும். ரோட்ஸ்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

நிலவின் தூரத்தை எப்படி அளந்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கிரகணம் மற்றவர்களுக்குச் சகுனம். இந்தச் சிலருக்கு அது அளவுகோல்.

முதலில் சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டு. சந்திர கிரகணத்தின்போது பூமியின் நிழல் நிலவைப் போல எத்தனை மடங்கு அகலம் என்று கேட்டார். இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டார். பின்னாளில் ஹிப்பார்க்கஸ் அதை 2½ ஆக்கினார், தாலமி 2.6. இன்றைய மதிப்பும் அந்தப் பக்கம்தான். சூரியனும் நிலவும் வானில் ஒரே அளவாகத் தெரிகின்றன என்பதையும் சேர்த்தால், மீதி வடிவகணிதம். சூரியனின் தூரத்தில் மட்டும் சறுக்கிவிட்டார். அரைநிலவு நாளில் சூரியனுக்கும் நிலவுக்கும் இடைக்கோணம் 87 பாகை என்று எடுத்ததால், சூரியன் நிலவைப் போல 18 முதல் 20 மடங்கு தூரம் என்று வந்தது. அந்தக் கோணம் உண்மையில் 90க்கு மிக அருகில், 89.85 பாகை; தூரம் ஏறத்தாழ 390 மடங்கு. வெறுங்கண்ணால் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

அடுத்து ஹிப்பார்க்கஸ். ஒரு சூரிய கிரகணம் ஹெலஸ்பான்ட் நீரிணைப் பக்கம் முழுமையாகத் தெரிந்தது. அலெக்சாண்டிரியாவில் ஐந்தில் நான்கு பங்குதான் மறைந்தது. இந்த ஒரே தகவல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு ஊரும் கிட்டத்தட்ட வடக்கு தெற்காக 9 பாகை தள்ளி இருக்கின்றன. சூரிய வட்டத்தின் அகலம் அரைப் பாகை. மறையாமல் நின்ற ஐந்தில் ஒரு பங்கு, பாகையில் பத்தில் ஒன்று. அதாவது இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் போனதும் நிலவு வானத்தில் அந்த அளவு விலகித் தெரிந்திருக்கிறது. இதை வைத்து நிலவின் தூரம் பூமியின் ஆரத்தைப் போல 71 முதல் 83 மடங்கு என்றார். வேறொரு வழியில் போட்டபோது சராசரி 67⅓ வந்தது. இன்றைய சராசரி சுமார் 60. இந்த வேலையில் தொலைநோக்கியும் இல்லை, துல்லியமான கடிகாரமும் இல்லை.

விண்மீன் வரைபடத்தை முதலில் போட்டவர் யார்?

ஒருவரைச் சொல்ல முடியாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நிடஸ் நகரத்து யூடாக்சஸ் விண்மீன் உருவங்களை வரிசையாக விவரித்து எழுதினார். அந்த நூல் தொலைந்துவிட்டது. ஆனால் அதை அராட்டஸ் என்ற புலவர் கி.மு. 275 வாக்கில் செய்யுளாக்க, அது அந்தக் காலத்தின் பெருவெற்றியானது. படித்தவர்கள் வானத்தை அந்தச் செய்யுள் வழியாகவே தெரிந்துகொண்டார்கள்.

இதைப் பொறுக்காதவர் ஹிப்பார்க்கஸ். இவர் தலை அங்கே இல்லை, அவர் கால் இங்கே வராது என்று செய்யுளையும் அதன் மூலத்தையும் பாகை வாரியாகப் பிரித்து மேய்ந்து ஒரு விமர்சன நூல் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதிய அத்தனை நூல்களிலும் இன்று முழுமையாகக் கைக்குக் கிடைப்பது அந்த விமர்சனம் ஒன்றுதான். அராட்டஸின் செய்யுள் புகழ்பெற்றிருந்ததால் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இதுவும் பிழைத்தது.

ஹிப்பார்க்கஸ் விண்மீன் அட்டவணை தயாரித்ததற்கு வானில் தோன்றிய ஒரு புது நட்சத்திரம்தான் காரணம் என்கிறார் ரோமானியரான பிளினி. மீன்கள் பிறக்குமா, இறக்குமா, நகருமா என்று பின்னால் வருபவர்கள் சரிபார்க்க ஒரு பதிவு வேண்டும் என்று அவர் நினைத்தாராம். கி.மு. 134இல் சீனர்களும் ஒரு புது மீனைக் குறித்திருக்கிறார்கள்.

தொலைநோக்கி இல்லாமல் ஒரு மீனின் இடத்தை எப்படிக் குறித்தார்கள்?

தாலமி விவரிக்கும் கருவி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வெண்கல வளையங்கள். ஒரு வளையத்தைச் சூரியனின் பாதையோடு பொருத்த வேண்டும். இடம் தெரிந்த ஒரு பொருளை, நிலவையோ முன்பே அளந்த ஒரு மீனையோ நோக்கி ஒரு வளையத்தை நிறுத்த வேண்டும். பிறகு உள் வளையத்தின் பார்வைத்துளைகள் வழியாகப் புது மீனைப் பிடித்து, விளிம்பில் வெட்டியிருக்கும் பாகைக் கோட்டைப் படிக்க வேண்டும்.

சரி, முதல் மீனின் இடம் எப்படித் தெரியும்? சூரியனின் இடம் கணக்கில் தெரியும், ஆனால் சூரியன் இருக்கும்போது மீன் தெரியாது. இங்கேதான் சந்திர கிரகணம் கைகொடுத்தது. கிரகணத்தின் நடுக்கணத்தில் நிலவு சூரியனுக்கு நேர் எதிரே, 180 பாகையில் நிற்கிறது. ஆகவே அந்தக் கணத்தில் நிலவின் இடம் கணக்கில்லாமலே தெரிந்துவிடும். அப்போது பக்கத்தில் இருக்கும் மீனுக்கும் நிலவுக்கும் இடைவெளியை அளந்தால் போதும், வானத்தில் முதல் ஆணி அடித்தாயிற்று. மற்ற மீன்களை அதிலிருந்து தொடரலாம்.

அப்படி ஆணி அடித்த மீன் எது?

சித்திரை. கன்னி ராசியின் இடது கை நுனியில் இருக்கும் அதே ஒற்றை வெள்ளை மீன். ஹிப்பார்க்கஸ் சந்திர கிரகணங்களை வைத்து அளந்தபோது, இலையுதிர்காலச் சமநாள் புள்ளிக்கு 6 பாகை மேற்கே அது இருந்தது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அலெக்சாண்டிரியாவில் டிமோகாரிஸ் அளந்தபோது 8 பாகை. அளவில் பிழையா, மீன் நகர்ந்ததா? வேறு மீன்களையும் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்றுசேர மெல்ல நகர்கின்றன, நூறாண்டுக்கு ஒரு பாகையாவது இருக்கும் என்றார். உண்மையில் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை.

ஜாதகம் பார்க்கும் வீடுகளில் ‘அயனாம்சம்’ என்று காதில் விழுந்திருக்கும். அது இந்த நகர்வின் மொத்த அளவுதான். இன்று பரவலாக உள்ள சித்திரபட்ச அயனாம்சம் இதே சித்திரை மீனைத்தான் 180 பாகையில் வைத்துக் கணக்கிடுகிறது. இப்போது அது 24 பாகையைத் தாண்டியிருக்கிறது. டிமோகாரிஸ் காலத்தில் அந்தப் புள்ளிக்கு மேற்கே 8 பாகையில் இருந்த மீன், இன்று கிழக்கே 24 பாகையில். ஒரே மீனுக்கு 2,300 ஆண்டுக் கணக்கு இருப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

ஹிப்பார்க்கஸின் அட்டவணை கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்ததே?

ஒரு துணுக்கு கிடைத்திருக்கிறது. சினாய் மலையடியில் உள்ள புனித கேத்தரின் மடத்திலிருந்து வந்த தோல் சுவடி ஒன்றில் சிரியாக் மொழியில் கிறித்தவ நூல் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தோலில் முதலில் இருந்த கிரேக்க எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே எழுதியிருக்கிறார்கள்; தோல் விலை அதிகம் என்பதால் அது வழக்கம்தான். பல அலைநீள ஒளியில் படமெடுத்தபோது அழிந்த எழுத்து தெரியவந்தது. 2022இல் அதைப் படித்து வெளியிட்டார்கள்.

படித்த பகுதி வடமகுடம் என்ற சிறிய மீன்கூட்டத்தைப் பற்றியது. நீளம் 9¼ பாகை, அகலம் 6¾ பாகை, வடதுருவத்திலிருந்து 49 பாகையில் தொடங்குகிறது என்று எண்கள் வருகின்றன. அயன நகர்வைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் அந்த எண்கள் ஹிப்பார்க்கஸ் வாழ்ந்த காலத்தோடு பொருந்துகின்றன, பிழையும் ஒரு பாகைக்குள்தான். முழு அட்டவணை கிடைக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

தாலமி அந்த அட்டவணையைத் திருடிவிட்டாரா?

பழைய வழக்கு இது, தீர்ப்பு இன்னும் ஒருமனதாக இல்லை. தாலமியின் அட்டவணையில் 48 உருவங்கள், 1,022 மீன்கள். ஒவ்வொன்றுக்கும் இடமும், முதல் தரம் தொடங்கி ஆறாம் தரம் வரையான பிரகாசமும் உண்டு. எல்லாம் நானே பார்த்தது என்கிறார்.

சந்தேகத்துக்குக் காரணம் இரண்டு. தீர்க்கரேகைகள் எல்லாம் சராசரியாக ஒரு பாகை குறைவாக இருக்கின்றன. ஹிப்பார்க்கஸின் பழைய எண்களோடு, நூறாண்டுக்கு ஒரு பாகை என்ற தவறான வேகத்தில் 2⅔ பாகை கூட்டினால் இதே பிழை வரும். இரண்டாவது காரணம் இன்னும் கூர்மையானது. ஹிப்பார்க்கஸ் வானம் பார்த்த ரோட்ஸுக்குத் தெற்கே 5 பாகையில் இருக்கிறது தாலமியின் அலெக்சாண்டிரியா. அங்கிருந்து பார்ப்பவருக்குத் தெற்கு அடிவானத்தில் கூடுதலாக ஒரு பட்டை வானம் தெரிய வேண்டும். அந்தப் பட்டையில் மட்டுமே உள்ள மீன்கள் பட்டியலில் இல்லை.

தாலமி பக்கமும் வாதம் உண்டு. அவருடைய சூரியக் கணக்கிலேயே ஒரு பாகைப் பிழை இருந்தது. அதை வைத்து நேர்மையாக அளந்தாலும் எல்லா மீனும் ஒரு பாகை தள்ளித்தான் விழும். சினாய்ச் சுவடியின் எண்களும் தாலமியின் எண்களோடு அப்படியே பொருந்தவில்லை. பாதிக்கு மேல் எடுத்தாண்டார், மீதியைத் தானே அளந்தார் என்பது என் ஊகம். முந்தைய ஆள் போட்ட அட்டவணையைப் புதுப்பிப்பது அன்றைக்குக் குற்றமில்லை. நானே பார்த்தேன் என்று சொன்னதுதான் உறுத்துகிறது.

எல்லாமே பாபிலோனிலிருந்து வந்ததாமே?

தரவு பெரும்பாலும் அங்கிருந்துதான். தாலமி பயன்படுத்தும் மிகப் பழைய கிரகணம் கி.மு. 721இல் பாபிலோனில் பதிவானது. வட்டத்துக்கு 360 பாகை, அறுபதாம் பகுதிக் கணக்கு, பன்னிரு ராசி எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்கு. ஹிப்பார்க்கஸ் எடுத்தாண்ட மாத நீளமும் பாபிலோனியருடையது. இன்றைய மதிப்போடு ஒப்பிட்டால் ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசம். கிரேக்கர் சேர்த்தது வடிவம். பாபிலோனியர் எண்களின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தார்கள். இவர்கள் அந்த எண்களுக்குப் பின்னால் கோளமும் நிழலும் தூரமும் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

சாரோஸ் சுழற்சி என்றால் என்ன?

223 சந்திர மாதங்கள், ஏறத்தாழ 18 ஆண்டு 11 நாள் 8 மணி. அத்தனை காலம் போனால் சூரியன், நிலவு, ராகு-கேதுப் புள்ளிகள் மூன்றும் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வருகின்றன. நிலவின் தூரமும் அப்படியே. ஆகவே கிரகணமும் திரும்பும். அந்தக் கூடுதல் 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுவதால், தெரியும் இடம் மேற்கே தள்ளிப்போகும்.

நமக்குத் தெரிந்த கிரகணத்தையே எடுத்துக்கொள்வோம். 2009 ஜூலை 22 காலை வாரணாசியிலும் பாட்னாவிலும் முழுச் சூரிய கிரகணம் வந்தது. அதற்கு ஒரு சாரோஸ் முன்னால், 1991 ஜூலை 11இல் அதே கிரகணம் ஹவாயிலும் மெக்சிகோவிலும். அடுத்தது 2027 ஆகஸ்ட் 2இல் வட ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும். மூன்று சாரோஸ் சேர்ந்தால் அந்த எட்டு மணிகள் முழு நாளாகி, கிரகணம் மறுபடி நம் பக்கம் வரும். 2009க்கு மூன்று சாரோஸ் முன்னால் போய்ப் பாருங்கள்: 1955 ஜூன் 20, இலங்கையில் முழுச் சூரிய கிரகணம். இந்த 54 ஆண்டுச் சுழற்சியும் கிரேக்கர்களுக்குத் தெரியும்.

கடலுக்கடியில் கிடைத்த கிரேக்கக் ‘கணினி’ இதைத்தான் காட்டியதா?

ஆமாம். 1901இல் ஆன்டிகிதீரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பவர்கள் மேலே கொண்டுவந்த பொருள்களில், துருவேறிய வெண்கலக் கட்டி ஒன்று இருந்தது. உள்ளே பற்சக்கரங்கள், இன்று எஞ்சியிருப்பவை 30. ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வயது 2,000 ஆண்டுக்கு மேல்.

அதன் பின்பக்கத்தில் நான்கு சுற்றுள்ள ஒரு சுருள் முகப்பு, 223 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. கைப்பிடியைச் சுற்றினால் முள் மாதாமாதம் ஒவ்வொரு கட்டமாக நகரும். பெரும்பாலான கட்டங்கள் வெறுமை. கிரகணம் வரக்கூடிய மாதத்தில் மட்டும் பொடி எழுத்தில் குறிப்பு: நிலவுக்குச் சிக்மா, சூரியனுக்கு ஈட்டா, பக்கத்தில் மணி. உள்ளே சின்னதாக இன்னொரு முகப்பு. மூன்று பிரிவு, ஒன்று வெற்றிடம், மற்றவற்றில் 8, 16 என்ற எண்கள். எந்த சாரோஸில் இருக்கிறோமோ அதற்கேற்ப அத்தனை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன எட்டு மணிக் கணக்கைப் வெண்கல வேலைக்காரர் ஒருவர் கையால் வெட்டி வைத்திருக்கிறார்! இந்த முகப்புக்காக 223 பல் உள்ள சக்கரத்தை அரத்தால் ராவியிருக்கிறார்கள். 223 பகா எண், வேறு வழி கிடையாது.

பெண்கள் யாரும் இல்லையா?

தெசலி நாட்டு அக்லோனிசியைப் பற்றி ப்ளூட்டார்க் எழுதுகிறார். எந்தப் பௌர்ணமியில் கிரகணம் வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்து, நிலவைக் கீழே இறக்குகிறேன் என்று மற்றவர்களை நம்பவைத்தாளாம். ஏமாற்றுக்காரி என்ற தொனியில்தான் அவர் சொல்கிறார். கணக்குத் தெரிந்திருந்தது என்பதை மறுக்கவில்லை.

கிரகணத்தை வைத்துப் பூமியின் வரைபடமும் போட்டார்களா?

யோசனை அருமை, நடைமுறை மோசம். சந்திர கிரகணம் எல்லா ஊரிலும் ஒரே கணத்தில் நடக்கிறது; ஊர் நேரம்தான் வேறு. இரு ஊர்களின் நேர வித்தியாசமே தீர்க்கரேகை வித்தியாசம் என்று ஹிப்பார்க்கஸ் சொன்னார். ஆனால் ஒரே கிரகணத்தை இரண்டு ஊரில் நேரம் குறித்து வைப்பவர்கள் வேண்டுமே! அலெக்சாண்டர் காகமேலாவில் போரிடுவதற்குச் சில நாள் முன்பு, கி.மு. 331 செப்டம்பர் 20இல் வந்த கிரகணத்தைத்தான் தாலமி உதாரணமாகக் காட்டுகிறார். அர்பேலாவில் இரவு ஐந்தாம் மணி, கார்த்தேஜில் இரண்டாம் மணி. ஆக மூன்று மணி, 45 பாகை. உண்மையில் 34 பாகைக்கும் குறைவு. அவருடைய உலகப் படம் கிழக்கு மேற்காக நீண்டுபோனதற்கு இப்படிப்பட்ட தரவும் துணைபோனது.

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கிரேக்கர் யாருமே சொல்லவில்லையா?

அரிஸ்டார்க்கஸ் சொன்னார். ஆர்க்கிமிடீஸ் எழுதிவைத்ததால் தெரியும். பூமி நகர்ந்தால் மீன்கள் இடம் மாறித் தெரிய வேண்டுமே என்பது நியாயமான மறுப்பு. அவை அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது அவர் பதில். அந்த இடமாற்றத்தை முதன்முதலில் பெசல் அளந்தது 1838இல்.

நம் பஞ்சாங்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. 27 நட்சத்திரங்கள் இந்தியாவின் சொந்தச் சொத்து. கிரேக்க வழியின் தடம் ராசி முறையிலும், 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் ரோமக, பௌலிச என்ற இரண்டிலும் தெரிகிறது.

இன்னும் சுவையானது வாக்கியப் பஞ்சாங்கம். நிலவின் இடத்தை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்து கணிக்கும் முறை அது. 248 நாள் என்பது, நிலவு பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அதே அருகாமைக்கு வரும் சுற்று ஒன்பது. அதோடு 3,031 நாள் என்ற பெரிய சுற்றும் உண்டு, அது 110 சுற்று. எகிப்தில் கிடைத்து இப்போது மான்செஸ்டரில் இருக்கும் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் இதே 248, இதே 3,031. அதன் வேர் பாபிலோன் எண்கணிதத்தில் என்பதை ஆட்டோ நாய்கபவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதிக் காட்டினார்.

அவர் ஆதாரமாக எடுத்தது, ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட நூல். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர், காகிதமே இல்லாமல் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. கேலி செய்ய அவசரப்பட வேண்டாம். ஹிப்பார்க்கஸ் காலத்துக் கணக்கு, 2,000 ஆண்டு கழித்து, சோழியில் ஓடிக்கொண்டிருந்தது.

இவற்றில் எதையாவது நாமே செய்து பார்க்க முடியுமா?

கண்ணும் ஒரு கைக்கடிகாரமும் போதும். மே மாத இரவுகளில் தலைக்கு மேல் சற்று வடக்கே, கிண்ணம் மாதிரி வளைந்த சிறு மீன்கூட்டம்தான் வடமகுடம். அதே நேரம் தெற்குப் பக்கம் உயரத்தில் சித்திரை இருக்கும். அகத்தியரைப் பார்க்க பிப்ரவரி மாலை நல்லது.

நிழலை அளக்க 2028 டிசம்பர் 31 இரவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் முழுச் சந்திர கிரகணம் தொடக்கம் முதல் இறுதிவரை தெரியும். இரவு எட்டரை மணி தாண்டியதும் தொடங்கிவிடும். நிழல் நிலவின் விளிம்பைத் தொட்ட நேரத்தைக் குறியுங்கள். நிலவு முழுதும் மூழ்கிய நேரம் அடுத்தது. மறுபக்கம் முதல் வெளிச்சம் எட்டிப் பார்க்கும் நேரம் மூன்றாவது. முதலுக்கும் இரண்டுக்கும் இடையே நிலவு தன் சொந்த அகலம் நகர்ந்திருக்கிறது. முதலுக்கும் மூன்றுக்கும் இடையே நிழலின் அகலம். இரண்டாவது இடைவெளியை முதல் இடைவெளியால் வகுத்தால் அரிஸ்டார்க்கஸ் சொன்ன 2க்கு அருகில் வரும். தாலமியின் 2.6 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அன்று நிலவு நிழலின் நடுவே போகாமல் ஓரமாக வெட்டிக்கொண்டு போகிறது.